மிச்சம் ஏழு துளைகள்

அமெரிக்காவோடு போடவிருந்த கனிம ஒப்பந்தத்துக்கு, லித்தியம் இருப்புச் சான்று அன்று மதியத்துக்குள் வேண்டும். கீவ் நகரின் நிலவியல் அலுவலகம் ஒன்றில் ஹலினா ஸ்தெபானிவ்னா மூன்றாவது முறையாகப் பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"கையெழுத்துதானே, ஹலினா ஸ்தெபானிவ்னா? கண்ணிவெடியா எடுக்கச் சொன்னேன்?" என்றார் மேலாளர் போஹ்தான்.

"இந்தச் சான்றுக்கு அடிப்படையே சோவியத் காலத்து அறிக்கைதான். அதை எழுதினவளே நான்தான். லித்தியம் தேடிப் பதினெட்டு இடத்துல துளை போட்டதா இருக்கு. போட்டது பதினொண்ணு."

"மிச்சம் ஏழு?"

"நவம்பர் புரட்சி விழாவுக்குள்ள மாஸ்கோ சொன்ன இலக்கை முடிச்சாகணும். துளை போடற எந்திரமோ சேத்துல மாட்டிக்கிச்சு. கூடாரத்துல டீ குடிச்சுக்கிட்டே ஏழு துளையையும் போட்டதா எழுதிட்டோம். அப்ப எல்லாரும் அப்படித்தான்."

போஹ்தான் கதவைச் சாத்தினார். "வெளிய மூச்சு விடாதீங்க. உங்க பையன் நசார் எங்க நிக்கிறான்னு மறந்துபோச்சா? ஒப்பந்தம் கையெழுத்தானாத்தான் அமெரிக்காகிட்டேருந்து அவன் துப்பாக்கிக்குக் குண்டு வரும்."

போர்முனையிலிருந்த மகனிடமிருந்து நான்கு நாளாகச் செய்தி இல்லை. எழுந்தாள், ஜன்னல்வரை நடந்தாள், திரும்பினாள்.

"அமெரிக்காக்காரங்க வந்து தோண்டிப் பார்ப்பாங்க, போஹ்தான். ஏமாத்திட்டீங்கன்னு கிளம்பிப் போனா, அன்னிக்கும் என் பையன் அங்கதான் நிப்பான்."

சான்றில் பதினெட்டை அடித்துப் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டாள். "மிச்ச ஏழையும் நானே போட்டுக் காட்டறேன்னு அமைச்சகத்துல சொல்லு."

"அறுபத்தெட்டு வயசுல?"

"எந்திரம் மட்டும் குடுக்கச் சொல்லு."

போஹ்தான் முனகிக்கொண்டே தாளோடு அமைச்சகத்துக்கு ஓடினார். ஹலினா மகனின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.