சிவராசாவின் நிழல் டொக்டரான வரலாறு

சிவராசாவின் நிழல் டொக்டரானது 1981 தை மாதம், அவன் வவுனியாவில் உயர்தர வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில். பூவரசங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்தான் அதை முதலில் கண்டார்கள். பையன் வெள்ளைச் சட்டையும் வாய் பிளந்த செருப்புமாக, தலையில் எண்ணெய் வழிய நின்றான். தரையில் விழுந்த நிழலோ நீளக் கோட்டுப் போட்டு, கழுத்தில் நெஞ்சுக்கு வைத்துப் பார்க்கும் குழாயைத் தொங்கவிட்டு, யாரோ அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியதுபோல் நின்றது. அந்தக் கிழமை தேங்காய் விலை ஏறியிருந்தபடியால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தது. நிழலைப் பற்றி இரண்டு நாள் கதைத்துவிட்டு, படிக்கிற பிள்ளைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காரணம் ஊருக்குத் தெரிந்ததுதான். அவனுடைய அப்பா சுடலைமுத்து மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் தோட்டத்து டொக்டருக்குப் பின்னால் மருந்துப் பெட்டி தூக்கி நடந்தவர். டொக்டர் மருந்துத் துண்டில் எழுதும் கோழிக்கிறுக்கலைத் தப்பில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். துண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும் என்பதில் அவர் சாமியைவிடக் கண்டிப்பு. 1977 கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, லொறி ஏறி வன்னிக்கு வந்து இறங்கியபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை மனைவி வீரம்மா, பதினாலு வயது மகன், ஒரு ஆசை. காட்டை வெட்டிக் கொட்டில் போட்டார். கொட்டிலுக்குக் கதவு வைக்க முன்னமே "டொக்டர் சு. சிவராசா" என்று பலகை எழுதுவித்து வேலிப் படலையில் தொங்கவிட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து வீரம்மாவும் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். டொக்டர், சாப்பிட வாங்க. டொக்டர், ஆட்டைப் புடிச்சுக் கட்டுங்க. ஒரு சொல்லை வருடக்கணக்காக ஒரே பிள்ளைமேல் போட்டுக்கொண்டிருந்தால் அது எங்காவது போய்த் தங்கத்தானே வேண்டும். பையனின் உடம்பில் இடமில்லாததால் நிழலில் போய்த் தங்கியது.

உடம்பில் இடமில்லாமல் போனதற்குக் காரணம் பாண். தினமும் விடியற்காலையில் வீட்டுக்குப் பாண் வாங்கச் சிவராசா சைக்கிளில் சந்திக்குப் போவான். அங்கே மஹ்றூப் நானாவின் பேக்கரி. போறணையின் வாயைத் திறந்து சுடச்சுடப் பாணை வெளியே இழுக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் சும்மா நிற்கப் பிடிக்காமல் ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தான். கொஞ்சநாள் போக விறகு தள்ளினான். பிறகு ஒருநாள் பிசைகிறவனுக்குக் காய்ச்சல் வந்தபடியால் மாவில் கை வைத்தான். அவனை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் முந்தின கிழமையைவிட ஐந்து நிமிடம் முந்தி வீட்டிலிருந்து புறப்பட்டான், அவ்வளவுதான். ஆனால் அவன் பிசைந்த பாண் மற்றவர்கள் பிசைந்ததைவிட நாலு விரல் கூடுதலாக எழும்பியது. மா கைக்கு அடங்கி மூச்சு விடுகிற அந்த நேரத்தில் அவனுக்கு வந்த சந்தோஷம் தவளையை அறுத்துப் பார்க்கையில் ஒருநாளும் வந்ததில்லை. இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா எப்படித் தாங்குவார் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

நிழல் ஆனால் ஒழுங்காகப் படித்தது. 1983இல் முதல் தடவை பரீட்சை எழுதியபோது, சிவராசா தாவரவியல் தாளில் ஈஸ்ட் பற்றிய ஒரு கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதிவிட்டு மற்றக் கேள்விகளை அப்படியே விட்டான். நிழல் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதி, நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே பேனையை மூடியது. ஆனால் அது எழுதியது மண்டபத்துத் தரையில். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், பார்த்து வருத்தப்பட்டார். தரையைக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்றார். அடுத்த வருடமும் அதுதான் நடந்தது. சுடலைமுத்து அதிர்ஷ்டத்தைத்தான் குறை சொன்னார், மகனை அல்ல.

இதற்கிடையில் நிழல் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டது. பாண் வாங்க வந்த பொன்னையா காய்ச்சலோடு பேக்கரி வாசலில் குந்தினார். உள்ளே மா பிசைந்துகொண்டிருந்த சிவராசாவின் நிழல் வாசலைத் தாண்டி அவர்மேல் விழ, காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கூட்டம். காலை ஏழு முதல் ஒன்பது வரை, பின்னேரம் நாலு முதல் ஆறு வரை. மத்தியானத்தில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடுவதால் கால்விரல் புண் மட்டும் பார்க்கப்பட்டது. மாரியில் வெயில் இல்லை, ஆகவே லீவு. வீதியில் சென்றி போட்டுக் காவல் நின்ற ஆமிக்காரன் ஒருவன்கூடச் சிவராசாவின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்து, துவக்கைச் சாத்திவிட்டுத் தனக்கு முதுகு வலிப்பதாகச் சைகையில் சொன்னான். மஹ்றூப் நானாவுக்கும் குறையில்லை. குணமானவர்கள் வெறுங்கையோடு திரும்பப் போகாமல் பணிஸ் வாங்கிப் போனார்கள்.

பரீட்சைக்கு மூன்றாம் தடவைதான் கடைசி, அதற்குமேல் எழுதினாலும் பல்கலைக்கழகம் எடுக்காது. 1985 மாசி ஒரு பின்னேரம் சுடலைமுத்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, மகனின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுப் பேக்கரிக்கு வந்தார். மற்ற நோயாளிகளோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் படிவத்தை நீட்டினார். சிவராசாவின் கை முழங்கை வரை மாவாக இருந்தது. அவன் அதை வாங்கவில்லை.

"நான் எழுத மாட்டேம்பா. எனக்கு இந்த வேலதான் புடிச்சிருக்கு. காலையில எந்திரிக்கிறதே இதுக்காகத்தான்."

சுடலைமுத்து ஏசவில்லை. அவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது, வாய் கோணியது, எல்லோருக்கும் முன்னால் அழுதுவிடுவார்போல் இருந்தது. பிறகு மகனை விட்டுவிட்டு நிழலின் பக்கம் திரும்பி, தோளிலிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க டொக்டர். நீங்க சொன்னா கேப்பான்."

நிழல் குனிந்து குழாயை அவர் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டது. பிறகு சிவராசாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டது. அதற்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. வரிசையில் நின்றவர்கள் இருமலை அடக்கிக்கொண்டார்கள். கடைசியில் நிழல் வாசலில் சிந்திக்கிடந்த கோதுமை மாவில் விரலால் இரண்டு வரி எழுதியது. மஹ்றூப் நானா வந்து எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த எந்த எழுத்திலும் இது இல்லை என்றார். சுடலைமுத்து மட்டும் குந்தியிருந்து, பழக்கப்பட்ட கண்ணால் ஒரே தடவையில் வாசித்துவிட்டார். வாசித்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்தார்.

"பையனை அவன் போக்கில் விடவும். நாளுக்கு மூணு தரம், சாப்பாட்டுக்குப் பொறகு."

எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதாவிட்டால், டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை என்று அர்த்தம். இது சுடலைமுத்துவுக்குத் தெரியாததல்ல. தான் உண்டாக்கிய டொக்டர் என்பதற்காகத் துண்டை மீறுகிற ஆளும் அவரல்ல. படிவத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய், இராச்சாப்பாடு முடிந்ததும் முதல் தரம் மகனை விட்டார். அது மிகவும் கசப்பாக இருந்தது என்று வீரம்மாவிடம் சொன்னார். முதல் மாதம் மத்தியான வேளைகளில் தவறவிட்டார், வீரம்மாதான் ஞாபகப்படுத்தினாள். ஆறு மாதத்தில் கசப்புக் குறைந்தது. ஒரு வருடத்தில், சாப்பிட்டுக் கை கழுவுகிறதோடு அதுவும் தன்பாட்டில் நடந்தது.

துண்டு எழுதிக் கொடுத்த அன்று சூரியன் இறங்க இறங்க நிழல் நீண்டு, வீதியைக் கடந்து, வயலைக் கடந்து, திரும்பி வரவில்லை. மறுநாள் வெயிலில் சிவராசா நிழலில்லாமல் நின்றான். நோயாளிகள் கொஞ்சநாள் முணுமுணுத்தார்கள். 1987இல் அவனுக்குச் சிவலட்சுமியைப் பேசியபோது பெண் வீட்டார் இதை ஒரு குறையாக எடுத்தார்கள். மாப்பிள்ளை கொண்டுவந்த பணிஸைத் தின்றுகொண்டே, வீட்டில் ஒரு ஆள் குறைவென்றால் கூட்டித் துடைக்கிற வேலையும் குறைவுதானே என்று சிவலட்சுமி சொல்லிவிட்டாள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

1989இல் குடும்ப விபரம் பதிய வந்த உத்தியோகத்தர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மகன் என்ன செய்கிறார் என்று சுடலைமுத்துவிடம் கேட்டார்.

"பாண் போடுறான். பூவரசங்குளம் பூரா அவன் பாண்தான் திங்கிது."

"டொக்டர் எண்டெல்லோ வழியில சொல்லிச்சினம்?"

"அது மகன் இல்லீங்க, அது என்னோட ஆச. மன்னாருப் பக்கம் ஆஸ்பத்திரியில வேலையா இருக்கு. தீவாளிக்கு வந்துட்டுப் போகும்."

உத்தியோகத்தர் இரண்டையும் அந்தந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.