பழையதுதான் அவருக்குப் பிடிக்கும்

மௌத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் சமைத்து அனுப்ப வேண்டும். என் கணவர் சேக் தாவூது இறந்தபோது அதிராம்பட்டினத்தில் இருக்கிற எங்கள் சொந்தம் அத்தனையும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பியது. அவர்களுக்கு அனுப்பத் தெரியும், அளவு தெரியாது. நாலு பேர் அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்கு நாற்பது பேர் சாப்பிடுகிற நெய்ச்சோறு வந்து இறங்கியது. அழுத கண்ணோடு எழுந்து போய், கெடுவதற்குள் பாதியைத் தெருவில் பங்குவைக்கச் சொல்லிவிட்டு, மீதியை டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கினேன். புருஷனை அடக்கி ஒரு நாள் ஆகவில்லை, இவளுக்குச் சோற்றுக் கவலை என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும். சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு எந்த நாளிலும் கை வராது.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டால் தெருப் பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்பார்கள். நேற்றைய மீன் ஆணத்தைச் சட்டியிலேயே சுண்டவிட்டு, அதில் பழைய சோற்றைப் போட்டுப் பிரட்டினால் தெருவே மணக்கும். அதற்கும் மிஞ்சினால் சோற்றை உப்பும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து, மாடியில் வடகமாகக் காயப்போட்டுவிடுவேன். கமருன்னிஸா வீட்டுக் காக்காய்க்குப் பட்டினிதான் என்று சொந்தத்தில் என்னைக் கேலி செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இவரும் அப்படித்தான் ஒரு சூட்கேஸோடு என் வீட்டுக்கு வந்தார். நாலாவது மாதமே அதே சூட்கேஸோடு சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினார். இருபத்திரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. வந்தால் விருந்தாளி மாதிரிதான் இருப்பார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்பார், சமையலறைக்குள் அவராக நுழைய மாட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். வந்த மூன்றாவது நாள் காலையில் நான் முந்தின நாள் சோற்றுப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை யார் தலையில் கட்டுவது என்று சத்தமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் ஷமீரா பழையதைத் தொடவே மாட்டாள். இவர் வாசலில் நின்று, "அத எனக்குப் போடு கமரு" என்றார். போட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மறுநாளும் போட்டேன், சாப்பிட்டார். அதற்கப்புறம் கேட்பானேன்? நேற்றையது எதுவானாலும் அவருக்கு என்று ஆகிவிட்டது. சூடாக வடித்தது எனக்கும் மகளுக்கும். பழையதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் அறைக்குள் இருக்கும்போது நினைத்துப் பார்க்க நேரம் நிறைய. இளமையை அரபு நாட்டுக்குக் கொடுத்துவிட்ட மனுஷன், கடைசி ஆறு வருஷமாவது என் கையால் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். அது மட்டும் இல்லையென்றால் எனக்கு எதுவுமே இல்லை.

நாற்பது நாள் கழித்து மயிலாடுதுறைக்காரர் ஜாஃபர் சாதிக் வந்தார். தம்மாமில் இவரோடு பதினைந்து வருஷம் ஒரே அறையில் இருந்தவர். இவரை அண்ணனாக நினைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவார்; அக்கா முறையில் நான் லாத்தா. லீவு கிடைத்து இறங்கியதும் நேராக இங்கேதான் வந்திருந்தார். இத்தாவில் இருக்கிறவள் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. அவர் கூடத்தில் என் தம்பி ஷஹ்பாஸோடு உட்கார்ந்துகொண்டார். நானும் ஷமீராவும் அறைக்குள், திரைக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அறையில் எட்டுப் பேராம். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய சட்டியில் ஆக்கி, அதையே நாலு நாள் சூடு பண்ணித் தின்பார்களாம். காய்ந்துபோன குப்புஸ் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவார்களாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. போனில் கேட்டால், நல்லாத்தான் சாப்பிடுறேன் என்பார்.

"காக்காவுக்கு அந்தச் சாப்பாட்டக் கண்டாலே குமட்டும் லாத்தா," என்றார் ஜாஃபர் சாதிக். "ஊருக்குப் போனா நேத்து ஆக்குனத கையால தொடமாட்டேன்டா, வடிச்ச சோறு ஆவி பறக்க என் தட்டுல விழணும்னு சொல்லிட்டே இருப்பாங்க. வேற ஒரு ஆசையும் அவங்களுக்குக் கெடையாது."

ஷமீரா என் கையைப் பிடித்தாள். ஆறு வருஷம். தினமும் காலையில் நான் பானையைத் திறந்து, நீர் சோற்றைப் பிழிந்து வைத்ததும், அவர் குனிந்து சாப்பிட்டதும், நான் எதிரில் உட்கார்ந்து என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டதும் கண்முன் வந்து நின்றன. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி மனுஷா. உங்களுக்கு ஒரு ஆழாக்கு அரிசி தனியாக வடித்தால் நான் என்ன தேய்ந்தா போவேன்? கேட்கவில்லை. பெண்டாட்டி வீட்டில் என்ன கேட்பது என்று இருந்துவிட்டார். நானும்தான் கேட்கவில்லை. மிச்சத்தை எல்லாம் வீணாக்காமல் பார்த்துக்கொண்டவள், அந்த மனுஷன் முகத்தை ஒரு நாள்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

வாய்விட்டு அழுதால் வந்தவருக்குக் காரணம் தெரிந்துவிடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கொஞ்சம் மூச்சு வந்ததும், ஊருக்கு வந்த பிறகு சாப்பாட்டைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னார்களா தம்பி என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொல்லாமயா? வெள்ளிக்கிழம தவறாம போன் பண்ணுவேன். இன்னிக்கு என்ன காக்கா சாப்பாடுன்னு கேப்பேன். அடுப்புலேர்ந்து எறக்குன சோறுடா, கமரு எனக்குன்னே தனியா வடிக்கிறா, சூடு கை பொறுக்கலன்னு சொல்லுவாங்க. கேட்டுட்டு நாங்க எல்லாருமே பொறாமைப்படுவோம்."

ஆறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் இதைச் சொல்லியிருக்கிறார். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் காதில் விழாமல்.

கூடத்தில் ஜாஃபர் சாதிக் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கடைசி வரைக்கும் அப்படித்தான சாப்புட்டாங்க லாத்தா?" என்றார். நாற்பது நாளாக மனதில் வைத்திருந்த கேள்வி போலிருந்தது. தம்மாம் அறையில் இருக்கிற மற்றவர்களிடம் போய் அவர் சொல்ல வேண்டும்.

ஷமீரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி," என்றேன். "வடிச்ச சூட்டோடதான் போடுவேன். பழையதுன்னா தொடவே மாட்டாங்க."