நாற்பத்து மூன்றாவது மணி

விரைந்து எண்ணினாள் சஹ்லா. முழந்தாளிட்டமர்ந்து, கம்பியிற் கோத்த பொன்னிற மணிச்சரங்களை ஒவ்வொன்றாய் உயர்த்தி, பத்து மணியும் பழுதின்றி உள்ளனவா என விரல்நுனியால் தடவித் தடவி அவள் எண்ணிக்கொண்டிருக்க, கீழைக் கடலினின்றெழுந்த காலை ஞாயிறு கல்முனைக் கரையின் தோணிகளை ஒளியால் மெழுகி, தென்னைகளின் நிழலைச் சுருக்கி, சம்மாந்துறைச் சாலையில் நெல் சுமந்துவரும் உழுபொறிகளின் புழுதியைப் பொற்பொடியாக்கி, அச்சிறு பாலர் பள்ளியின் சாளரத்துள் எட்டிப் பார்த்தது. பார்வையிட வருபவர் வர இன்னும் அரை நாழிகையே இருந்தது. சரங்களிலோ குறையில்லை. அவ்வாறாயின் குறை எங்கே?

மூன்று கிழமைகளாக அவளை வாட்டிய வினா அது. மொன்டிசோரி முறையில் மணிகளைக் கையாற் கூட்டிக் கணக்கறியும் அவள் மாணவருள் கூர்மை மிக்கவள் ஐந்து வயது றிஸ்னா. ஆயினும் அவள் கூட்டிய கணக்கெல்லாம், வழி சிறிதும் பிழையாமல், விடையில் மட்டும் ஒன்று குறைந்தே நின்றது.

அன்று அக்குறை பொறுக்கத்தக்கதன்று. அவ்வறையை ஓராண்டுக்கு ஈந்த அரிசியாலை உரிமையாளர் மீராமுகைதீன் ஹாஜியார், பிள்ளைகள் கணக்கறிந்தனரா என நேரில் காண வருகிறார். அறியாராயின் மறுநாளே அங்கு உரமூட்டை இறங்கும். இருபத்திரண்டு பிள்ளைகளும் வீடு திரும்புவர்.

வந்தார் அவர். பாய்மேற் பரந்த மணிகளைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்தது.

"என்னகா டீச்சர், கலியாணத்துக்கு மாலை கோக்கவா இதுகள அனுப்பி இருக்காங்க?"

சஹ்லா கலங்கவில்லை. எண்ணை எழுதுமுன் அதன் எடையைக் கை அறியவேண்டும் என்று விளக்கி, கணக்கொன்றையும் பிள்ளையொன்றையும் அவரையே தெரிவுசெய்யும்படி வேண்டினாள். இருபத்தாறும் பதினேழும் என்றார் அவர். அவர் விரல் சுட்டியதோ றிஸ்னாவை.

மணித்தட்டை அவள்முன் வைத்தாள் சஹ்லா. சிறுமியோ, நாற்று நடும் கையின் ஒழுங்கோடு, மூன்று சரங்களைப் பாய்மேல் இணைத்து வைத்து, ஆறும் ஏழுமாய்த் தனிமணிகளை ஆழ்ந்த மரக்கிண்ணம் ஒன்றில் இட்டுக் கலக்கி, பாயிற் கவிழ்த்து, கிண்ணத்தை அலமாரியில் வைத்து மீண்டு, பத்து மணிகளை ஒதுக்கி அவற்றுக்கீடாக மற்றொரு சரம் கொணர்ந்தாள். நான்கு சரங்கள், பக்கத்தில் இரு மணிகள்.

"நாப்பத்திரெண்டு" என்றாள்.

ஹாஜியார் வாயிலை நோக்கி நடந்தார். ஆலைக்கு நேரமாயிற்று என்றும், உரமேற்றிய வண்டி மறுநாட்காலையிலேயே வரும் என்றும் அவர் கூறிக்கொண்டிருக்க, சஹ்லாவின் பார்வை முதன்முறையாகப் பாயைவிட்டு உயர்ந்து அலமாரியில் தங்கியது. இத்தனை நாளும் அவள் கண் மணிகளைத் தொடர்ந்ததேயன்றி வெறுங்கிண்ணத்தைத் தொடர்ந்ததில்லை; மாலையில் கிண்ணங்களைத் தட்டிக் கழுவி அடுக்குவோரும் மற்றப் பிள்ளைகளே. சென்று எடுத்தாள். அடியில் ஒற்றை மணி ஒளிர்ந்தது.

"இத ஏன் மகள் உள்ளுக்கு விட்ட?"

"பாத்திரத்த முழுக்க வழிச்சா அல்லாட அருள், பறக்கத்து போயிரும் டீச்சர். எங்கட வாப்பா ஏழைகளுக்குக் குடுக்கிற சக்காத்து நெல்லு அளக்கக்குள்ள, மரைக்காலுக்குள்ள ஒரு புடி விட்டுத்தான் வைப்பார்."

வாயிலைக் கடந்த கால் பின்வாங்கியது. உன் வாப்பா யார் என்று தாழ்ந்த குரலில் வினவினார் ஹாஜியார். றினாஸ் என்றாள் சிறுமி. ஆலையில் நெல் அளப்பவர் என்றாள். அவர் திரும்பி வந்து, உடுத்த வெண்சாரம் மடிய அப்பாயின் ஓரத்தில் அமர்ந்து, கிண்ணத்தை இருகைகளாலும் வாங்கி அவள்முன் வைத்தார்.

"இதையும் எண்ணு மகள். எண்ணிப்போட்டு, அதுக்குள்ளயே வை."

சிறுமி உட்குனிந்து நோக்கினாள். "நாப்பத்தி மூணு."

"ஓம். சரி." சஹ்லாவை அவர் நோக்கவில்லை. "உரத்த வேற எடத்தில இறக்கச் சொல்றன் டீச்சர்."

அளவை வேறு, அருள் வேறு என்று பிரித்துக் காட்டவும், இரண்டையும் ஒரு கிண்ணத்துள் இழக்காமல் வைக்கவும் வல்லதே கல்வி. அதனை அன்று அவ்வறை கண்டது. ஆயின் நெடுநேரம் அவர் எழாதிருந்ததன் ஏதுவை, வெளியே காத்திருந்த அவருடைய வண்டியின் ஒலி இருமுறை அழைத்த பின்னரே, மணியொன்றை உருட்டியபடி அவர் கூறினார்:

"றினாசுக்கு அந்தப் புடிய எண்ணாம விடச் சொல்லிக் குடுத்தவன் நான்தான்."