கியர்பாக்ஸுக்கு அடியில் தீ

மைசூர் மண்டி மொஹல்லாவில் லிங்கப்பனுக்குத் தெரியாத லாரி விஷயம் கிடையாது. இதை அவரேதான் சொல்லுவார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொள்ளேகாலிலிருந்து வந்து, ஓட்டை லாரி ஒன்றில் தொடங்கி, இன்றைக்கு ‘லிங்கப்பன் லாஜிஸ்டிக்ஸ்’ என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். போன வருடம் கிளட்ச்சே இல்லாத, கியர் தானாக மாறுகிற புது லாரி ஒன்றை வாங்கினார். ஓட்டிப் பார்க்கவில்லை. மாலை போட்டு, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது போதும்.

அந்த லாரிதான் சோலார் தகடு ஏற்றிக்கொண்டு லடாக் போனது. லே நகரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், டிரைவர் சேகரன் ஜோஜிலா கணவாய்க்கு முன்னால் இருக்கிற திராஸில் வண்டியை நிறுத்தித் தூங்கினான். காலையில் இன்ஜின் ஓடியது, கியர் விழவில்லை. சாயங்காலம் பனி கொட்டப்போகிறது, அதற்குள் கணவாயைத் தாண்டாத வண்டி குளிர்காலம் முடிகிறவரை இந்தப் பக்கமே கிடக்க வேண்டியதுதான் என்று போலீஸ்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவன் போன் வந்தபோது லிங்கப்பன் கம்பளிக் குல்லாவும் மப்ளருமாக, மைசூர்க் குளிரைத் திட்டியபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, எப்படித் திருகுனாலும் நியூட்ரல்லயே நிக்குதுங். இங்க மைனஸ் இருவதுங்ணா.”

“குளுரெல்லாம் மனசுலதான்டா இருக்குது. ஸ்வல்ப ஆக்ஸிலேட்டர மிதிச்சு, லீவர ஓங்கிப் போடு.”

“இதுல லீவரே இல்லீங்ணா. ரேடியோவுல இருக்கறாப்பல குமிழுதானுங்.”

தன் லாரியில் குமிழ் இருப்பது லிங்கப்பனுக்குப் புதுச் செய்தி. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “அதயே ஓங்கித் திருகு” என்றார்.

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிமணி இதற்குள் இன்னொரு போனில் லாரிக் கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்திருந்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். “சார், வண்டிக்கு அடியில சமீபத்துல தண்ணி அடிச்சுக் கழுவினாங்களான்னு கேக்குறாங்க.”

லிங்கப்பன் காபியைப் பார்த்தார். சேறு அப்பிய லாரியின் படத்தை நேற்று சேகரன் அனுப்பியபோது, கம்பெனி பெயரே தெரியவில்லை, பளபளவென்று கழுவி மலை பின்னால் தெரிகிற மாதிரி இன்னொரு படம் அனுப்பு என்று குதித்தவர் அவர்தான். இந்தக் குளிரில் வேண்டாம் என்று அவன் கெஞ்சினான். கடைசியில் கார்கிலில் ஆள் பிடித்து பைப்பு வைத்துக் கழுவினான். அந்தப் படத்துக்கு விஜயநகர் வாக்கிங் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கைதட்டுப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள்.

“தண்ணி பட்டா நமுத்துப்போறதுக்கு அது லாரியா, அப்பளமா?” என்றார்.

“ஒயர் மாட்டுற எடத்துல தண்ணி பூந்து ஐஸாயிருக்கும்கறாங்க சார். இன்ஜின ஓடவிட்டு, புகை வெளிய போற மாதிரி அடியில தார்ப்பாய் கட்டினா அந்தச் சூட்டுலயே மெல்ல இளகிடுமாம். ரெண்டு மூணு மணி நேரம் ஆகுமாம். தீ மட்டும் காட்டவே கூடாதாம். அடியில பூராவும் பிளாஸ்டிக் குழாய்.”

அவள் சொன்னதில் ‘தீ’ ஒன்றுதான் லிங்கப்பன் காதில் ஏறியது. அந்தக் காலத்தில் ஊட்டிக் குளிரில் டீசல் டேங்குக்கு அடியில் தீ வைத்து வண்டி கிளப்பியவர் அவர்.

“மூணு மணி நேரமா? அதுக்குள்ள கணவாய மூடிப்போடுவான். சேகரா, துணிய டீசல்ல நனைச்சு கியர்பாக்ஸுக்கு அடியில பத்த வை. பத்தே நிமிசம்!”

காலை டிபன்கூட ஆகவில்லை, சாயங்காலத்துக்கு ஒரு பகல் முழுக்க இருக்கிறது என்று ஜோதிமணி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அவர் திரும்பவில்லை.

“கம்பெனிக்காரங்க வேண்டாம்கறாங்களேங்ணா...”

“வண்டி யாருதுடா?”

“உங்களுதுங்.”

“அப்பறமென்ன?”

சேகரன் போட்ட வீடியோ காலில் தீ அழகாக எரிந்தது. லிங்கப்பன் போனை ஜோதிமணி பக்கம் திருப்பி, “பாத்தியாம்மா? அனுபவம்!” என்றார். திரையில் கறுப்பாக என்னவோ சொட்டியது. அப்புறம் புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். சேகரன் பனியை அள்ளி அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தான்.

“காத்துக் குழாயி, ஒயரு எல்லாம் உருகிப்போச்சுங்ணா. இப்ப நியூட்ரலுன்னுகூடக் காட்டறதில்லீங்.”

லிங்கப்பன் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். புது வண்டி. “அவ்ளோ பெரிய தீ வெக்கச் சொன்னது யாருடா?” என்று கத்தினார். போனைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாமா என்று ஜோதிமணிக்கு ஆத்திரம் வந்தது. வேலை போய்விடும் என்று தன் போனை மட்டும் கீழே வைத்தாள்.

மத்தியானம்வரை வண்டியை இழுக்க ஆள் தேடி யார் யாருக்கோ போன் போட்டு அலுத்தபின் லிங்கப்பன் சேகரனை அழைத்தார். “ரோடு தொறக்கற வரைக்கும் நீ வண்டியிலயே இருந்துக்கோ. போர்வை கீர்வை வாங்கிக்கோ.”

“மூணு மாசமுங்களா?”

“காவலுக்கு ஆள் வேண்டாமாடா?”

அந்தப் பக்கம் வேறொரு இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. “நான் மிலிட்டரி வண்டியில ஏறிட்டனுங்ணா. கணவாய தாண்டப் போறோம்.”

“அடப் பாவி! என் லாரிய அங்க அநாதையா வுட்டுட்டா? எவனாச்சும் ஓட்டிட்டுப் போயிட்டா என்னடா பண்றது?”

“சாவிய அதுலயே வுட்டுட்டு வந்துட்டனுங்ணா. எவனாச்சும் அத நகத்திட்டான்னா, அவனையே டிரைவரா வெச்சுக்குங்க.”