பன்னிரண்டு மணி நேரம்

பொடி எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மென்பொருள் விற்க வருகிறவர்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் சிரிப்பார்கள், பதினேழாம் பக்கத்தில் கழுத்தை அறுப்பார்கள். நான் பதினேழாம் பக்கத்தை முதலில் படிக்கிறவள். பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, இதுவரை ஒரு விற்பனைக்காரன்கூட என்னை ஏமாற்றியதில்லை. அந்த வேலையை நானே செய்துகொண்டேன்.

ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் எங்கள் தலைமை அலுவலகம். ரத்தப் பரிசோதனை நிலையங்கள், நகரமெங்கும் அறுபது கிளைகள். ரத்தம் பார்க்கிற இயந்திரத்துக்கு ஒரு மென்பொருள், பில்லுக்கு ஒன்று, டாக்டர்களின் ஃபோனுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸுக்கு ஒன்று. ஒன்றோடு ஒன்று பேசாது. ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருக்கிற ஓரகத்திகள் மாதிரி. நடுவில் நின்று இவள் சொன்னதை அவளிடம் சொல்ல இன்னொரு மென்பொருள் வேண்டும். எங்களுக்கு அதை எழுதிக் கொடுத்தவர், எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்த்த எட்வின். ஒன்பது வருடத்துக்கு முன்னால், தனியாளாக உட்கார்ந்து எழுதினார். அவருடைய அப்பா செகந்திராபாத் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அதனால் அதற்கு ‘ஜங்ஷன்’ என்று பெயர் வைத்தார். நாற்பத்து மூன்று இணைப்புகள் அதற்குள் வந்து பிரிந்து போகின்றன.

தினமும் காலை ஆறரைக்கு ஜங்ஷன் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பும். நாற்பத்து மூன்றும் சரியாக ஓடுகின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்கு வருகிற மெயிலில் மட்டும் கீழே தமிழில் இன்னொரு வரி இருக்கும்: ‘சாப்பிட்டுட்டு கிளம்பு ஷர்மி.’ இரண்டு வருடமாக அது வருகிறது. ஒரு மனிதர் தன் காதலை இப்படித்தான் சொல்லுவாரா என்று கேட்டால், எட்வின் இப்படித்தான் சொல்லுவார்.

கல்யாணம் என்று முடிவானபோது எனக்கு முப்பத்தொன்பது, அவருக்கு நாற்பத்து மூன்று. “இந்த வயசில எதுக்குக் கோயில்ல கல்யாண ஓலை எல்லாம், ரிஜிஸ்டர் பண்ணிட்டு வாங்க” என்றான் என் அண்ணன். எட்வின் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு, மூன்று முறை, செகந்திராபாத் தமிழ்ச் சபையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் சத்தமாகப் படிக்கப்பட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் ஓலை வாசித்த அன்று, பின்வரிசையில் இருந்த ரயில்வே காலனிப் பெண்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, எங்கள் நிதித் தலைவர் ராகவேந்திரா என்னைக் கூப்பிட்டார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ஜங்ஷன் செய்கிற அதே வேலைக்குத் தன் மென்பொருளை விற்க வந்திருந்தது. இணைப்புக்கு இவ்வளவு என்று வருடா வருடம் உரிமக் கட்டணம். அதை வாங்கலாமா, ஜங்ஷனையே வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று வருடக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்.

புதியது வந்தால் ஜங்ஷன் போகும், ஜங்ஷன் போனால் எட்வின் போவார். என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. ஜங்ஷனை ஜெயிக்க வைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

வெளிநாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தைச் சல்லடை போட்டேன். அவசரத்துக்கென்று சும்மா நிற்கிற மாற்றுக் கணினிக்கும் கட்டணம் கேட்டிருந்தான், பிடித்துப் போட்டேன். பதினேழாம் பக்கத்தில் இன்னொன்று கிடைத்தது. பழைய அமைப்பை நன்றாக அறிந்த ஆள் ஒருவரை, மாற்றி முடிக்கும்வரை பதினெட்டு மாதம் முழு நேரமாக நாங்கள் கொடுக்க வேண்டுமாம். பிறகும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆள் வேண்டுமாம். மாட்டினான் பயல் என்று அந்தச் சம்பளத்தையும் அவன் பக்கச் செலவில் ஏற்றினேன்.

அப்படியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்தன. ஜங்ஷனுக்கு உரிமக் கட்டணம் பூஜ்யம்தான், ஆனால் அதைப் பராமரிக்க எட்வினுக்கு மாதம் நூற்றைம்பது மணி நேரம் ஆகிறது. அதுவும் செலவுதானே. இரண்டும் சமம் என்றால் ராகவேந்திரா பெரிய கம்பெனியைத்தான் எடுப்பார். ஏதாவது உடைந்தால் சத்தம் போட ஒரு ஃபோன் நம்பர் இருக்குமே.

புதன்கிழமை மத்தியானம், அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற இரானி டீக்கடையில் எட்வினிடம் தாளை நீட்டினேன். பராமரிப்பு நேரத்துக்கு, அந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் அலுவலக நடைமுறை. நூற்றைம்பது இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று போட்டிருந்தேன்.

அவர் பார்த்தார். “இது தப்பு.”

“தெரியும். மாசம் பன்னெண்டு மணி நேரம்னு போட்டாத்தான் நம்ம பக்கம் ஜெயிக்கும்.”

“நக்கோ ஷர்மி. உள்ளதப் போடு. தோத்தா தோக்கட்டும்.” வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்காரர்கள் சொல்வது ‘நக்கோ’; அவர் வாயில் அதுதான் வரும்.

“தோத்தா உங்க வேலை போயிரும் எட்வின். நான் சொல்லுதேன்லா. பத்து வருஷமா இதத்தான பாத்துட்டிருக்கேன்?”

“எதுக்கு இவ்ளோ பயப்படறே? வேற வேலை கிடைக்காதா?”

“இந்த மாசம் கல்யாணத்த வச்சிக்கிட்டு என்னால அதெல்லாம் யோசிக்க முடியாது. எனக்காகப் போடுங்க.”

டீ ஆறிப்போனது. அவர் பேனாவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். “எப்பவும் ஒண்ணு குறைச்சலா சொன்னதில்ல நான், ஒண்ணு அதிகமாச் சொன்னதும் இல்ல” என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்காகப் போட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தினார். சபையில் ஒரு குழந்தை மட்டும் இருமியது. எட்வின் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். ஜங்ஷன் ஜெயித்தது. கிட்டத்தட்ட ஒரு கோடி மிச்சம் என்று ராகவேந்திரா எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் மேஜைக்கு அடியில் கையை இறுக்கி மூடிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அப்போது அவர் திரையில் அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக்கினார்.

“மாதம் பன்னிரண்டு மணி நேரம் போதுமா? அருமை. அப்படியானால் மீதி நேரமெல்லாம் இந்த எட்வின் என்ன செய்கிறார்?”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பன்னிரண்டு மணி நேரத்தை வெளியே ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமே, ஒரு முழுச் சம்பளம் எதற்கு என்றார்.

சொல்லியிருக்கலாம். அது பொய், நூற்றைம்பது மணி நேரம், பொய்யை எழுதியவள் நான் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். என் வேலை போயிருக்கும், அவர் வேலை தப்பியிருக்கும். வாயைத் திறந்தேன். அறையில் பதினான்கு பேர். பதினோரு வருடமாகச் சேர்த்த நல்ல பெயர். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை எட்வினுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள்: ஜங்ஷன் முழுவதும் நிறுவனத்துக்குச் சொந்தம், அதன் மேல் தனக்கு உரிமை ஏதும் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். உரிமம் என்றாலே என் துறை. கையெழுத்து வாங்கிவர என்னையே அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை மல்காஜ்கிரியில் அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஷோகேஸ் மேல் இருந்தது. அவர் தாளை நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்.

“கூட்டத்தில என்ன நடந்துச்சுன்னு அங்க இருந்த நம்ம ஆபீஸ் பாலா சொன்னான். மீதி நேரம் இந்த எட்வின் என்ன பண்றான்னு கேட்டாங்களாமே?”

“ஆமா.”

“நூத்தம்பதுன்னு சொன்னியா?”

கையெழுத்தான தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“சொன்னியா ஷர்மி?”

“இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடி வைத்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒப்பந்தத்த நானும் படிச்சேன்” என்றார். “பதினெட்டு மாசம் பழசு தெரிஞ்ச ஆளு வேணும், அப்புறமும் ஒரு ஆளு வேணும்னு போட்டிருந்தானே. நீ அதச் செலவுன்னு எழுதியிருந்தே. அந்த ஆளு நான்தானே?”

ஏழெட்டு முறை படித்த வரி. என் கையாலேயே பெருக்கிக் கூட்டிய வரி. அந்த நிமிடம்தான் எனக்கு அது புரிந்தது. உண்மையை எழுதித் தோற்றிருந்தால், அவர் அங்கேயே இருந்திருப்பார்.

“தெரியலயே எட்வின். சத்தியமா தெரியல.”

“தெரியும். அதுக்காக உன்மேல கோவம் இல்ல.” ஷோகேஸ் மேலிருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்தார். “வேலை போனதுக்கும் கோவம் இல்ல. உனக்காக ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொய் என்னத் தூக்கிப் போடறப்ப நீ பக்கத்தில உக்காந்து தண்ணி குடிச்சிருக்கே. அத நான் எப்படி மறக்கறது? நீயே சொல்லு.”

அவர் கையைப் பிடித்தேன். உதறவில்லை. ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள், எங்கள் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு, கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. போதகர் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையைப் படித்துவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். பின்வரிசைப் பெண்கள் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்கள். எட்வின் வரவில்லை. அடுத்த மாதம் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று பாலாதான் சொன்னான்.

ஜங்ஷனை இப்போது வர்ஷினி என்ற பெண் பார்த்துக்கொள்கிறாள். வெளி நிறுவனத்தின் ஆள், இங்கேயே படித்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒப்பந்தப்படி மாதம் பன்னிரண்டு மணி நேரம். பாவம், நூற்றைம்பதுக்குக் குறைந்து அவளால் முடிவதில்லை. மீதிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

போன வாரம் என் மேஜைக்கு வந்தாள். “மேடம், டெய்லி மெயில் கோடைக் கிளீன் பண்றேன். உங்க ஐடிக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா லைன் போகுது. தமிழ்ல ஏதோ இருக்கு, எனக்குப் படிக்க வராது. தேவையில்லாததுன்னு நினைக்கறேன். எடுத்துடட்டுமா?”

அன்று காலையும் அது வந்திருந்தது. ஆறரைக்கு, ஒரு நிமிடம் தவறாமல். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

“நக்கோ” என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.