அக்கா குறித்த நாள்

"கத்திரி மட்டும்தான் பேசணும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லி, தம்பி கடைசிக் கத்திரியை ரேடியோவின் கையில் கொடுத்தான்.

ரேடியோ என்பது அவள் பெயரல்ல. பறிப்பு ஆட்களுக்குத் தலைவி. விடிந்ததும் திறக்கிற வாயைப் பொழுது சாய்ந்துதான் மூடுவாள் என்பதால் வந்த பட்டம். அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் கூடையும் கையுமாக மூடுபனியில் நின்றார்கள். இடுப்புக்குக் கீழே யாருக்கும் கால் தெரியவில்லை.

"கையைக் கட்டிப் போடு தம்பி, பல்லால பறிக்கிறேன். வாயைக் கட்டினா எப்படி?"

"அக்காவுக்குக் கேட்கும்."

அதற்கு மேல் அவள் கேலி பேசவில்லை. தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு திராட்சைக் கொடி வரிசைக்குள் நுழைந்தாள். பனி அவளை விழுங்கியது.

முப்பது வருடமாக அந்த மலைமுகட்டில் அக்காவின் நாக்குதான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். மற்ற தோட்டக்காரர்கள் சர்க்கரை பார்க்கிற கண்ணாடிக் குழலில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா ஒரு பழத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். "நாளைக்கு" என்றால் நாளைக்குத்தான் பறிப்பு. ஊரே பறித்து முடித்த ஒரு வருடம் அவள் "இன்னும் மூணு நாள்" என்றாள். சிரித்தார்கள். அந்த வருடத்து ஒயினைக் குடித்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை.

இந்த வருடம் அக்கா படுத்துவிட்டாள். ஆறு நாளாகத் தம்பி தினமும் ஒரு பிடி பழம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆறு நாளும் ஒரே பதில்: "புளிக்குதுடா. இன்னும் ரெண்டு நாள்." நேற்று தேநீரைக் குடித்துவிட்டு அதுவும் புளிக்கிறது என்றாள். பிறகு வெறும் தண்ணீரையும் அப்படியே சொன்னாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மருந்து நாக்கைத் தின்றுவிட்டது.

மேட்டுத் தோட்டக்காரரிடம் குழலை இரவல் வாங்கிப் பார்த்தான். சர்க்கரைக் கோடு எங்கேயோ ஏறியிருந்தது.

"உங்க அக்கா நாக்கு கோர்ட்டு மாதிரிப்பா, அப்பீலே கிடையாது" என்றார் அவர். "ஆனா மழை கோர்ட்டுக்குக் கட்டுப்படுமா? நாளைக்குச் சாயங்காலம் கொட்டப் போகுது பாரு."

பழுத்த பழத்தில் மழை விழுந்தால் தோல் வெடிக்கும். மறுநாள் பூசணம். ஒரு வருடத்து முதுகுவலி மண்ணோடு போகும். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரும் இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஆக, இரண்டுக்கும் நாள் ஒன்றுதான்.

அக்காவிடம் சொல்லிவிட்டுப் பறிக்கலாம். திட்டுக்குப் பயமில்லை. திட்ட அவளிடம் மூச்சு ஏது? நோய்க்கு நடையைக் கொடுத்தாள், தலைமுடியைக் கொடுத்தாள், பசியைக் கொடுத்தாள். நாள் குறிக்கிற சொல் ஒன்றுதான் மிச்சம். உயிர் இருக்கும்போதே அதையும் பிடுங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. பழத்தை விட்டுவிடவும் மனம் வரவில்லை. அதுவும் அவள் வளர்த்ததுதானே. ஜன்னலைச் சாத்தி, மனைவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

பனிக்குள் கத்திரிகள் நடந்தன. ஆளே இல்லாமல் ஒரு கை மட்டும் வந்து கொத்தைத் தாங்கும், போகும். உடம்பில்லாத தலை ஒன்று கொடிக்கு மேலே மிதந்து போய்க் கூடையோடு திரும்பும். ரேடியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அவனைப் பார்த்து மூடிக்கொண்டு, முழங்கையால் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். இருவரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். தூங்குகிற யாரோ ஒருவரின் கண்ணுக்குள் புகுந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. விரலெல்லாம் சாறு. துடைக்கத் துடைக்க ஊறியது.

பாதிச் சரிவு முடிந்திருந்தது. வாசலில் மனைவி கையை ஆட்டினாள். ஓடினான்.

"அண்ணி உங்களைத்தான் கேக்கறாங்க."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூறுதாடா?"

அவனும் காதைக் கொடுத்தான். சாத்திய ஜன்னலுக்கு அப்பால் பன்னிரண்டு கத்திரி. டிக். டிக் டிக். தகரத்தில் முதல் துளிகள் விழுகிற அதே சத்தம்.

"தூறல்னா எல்லாம் போச்சு" என்றாள். "நான்தானே ரெண்டு நாள்னேன். என்னாலதான்."

ஆமாம் என்றால், கெடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு போவாள். இல்லை, பறிப்பு நடக்கிறது என்றால், தம்பி தன்னை ஓரங்கட்டிவிட்டான் என்ற நினைப்போடு போவாள்.

"மழை இல்லக்கா. கத்திரி."

அக்கா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"யாரு பறிக்கச் சொன்னது?"

"நீதான்."

"நானா?"

"விடியக்காலைல ஒரு பழம் கொடுத்தேனே. கடிச்சுப் பாத்துட்டு, இன்னிக்கே பறிச்சுடுடான்னு சொன்னியே. மறந்துட்டியா?"

மனைவி சுருக்கமே இல்லாத போர்வையை நீவி நீவி விட்டாள். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் எந்தப் பழத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "மேல் வரிசைலேருந்தா ஆரம்பிச்ச?"

"ஆமா."

"மடையா. கீழதான் ஈரம் நிக்கும். ஆளை ரெண்டாப் பிரி."

"கீழ்வரிசைக்கு ஆறு பேரை அனுப்பு" என்றான் மனைவியிடம். "அக்கா சொல்றா."

மனைவி போனாள்.

"ஏன்டா எல்லாம் ஊமையா இருக்கு? எழவு வீடா இது? ரேடியோ வரலியா?"

"வந்திருக்கா."

"பேசச் சொல்லுடா."

ஜன்னலைத் திறந்து கையைக் காட்டினான். அணை உடைந்தது.

"மூணு மணி நேரமா வயித்துல அடைச்சு வச்சிருக்கேன், குறுக்கே எவளாவது பேசினீங்க, மென்னியை நறுக்கிடுவேன்! என் வீட்டுக்காரர் குறட்டை இருக்கே, கல்யாணமான புதுசுல லாரிதான் வருதுன்னு எழுந்து சுவரோரமா ஒதுங்கி நின்னேன்டி!"

சரிவு முழுக்கச் சிரிப்பு உருண்டது. அக்காவின் உதட்டோரம் அசைந்தது. கையை நீட்டினாள். துடைக்காத கையை அப்படியே கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில்கால்வரை நின்றது. ரேடியோ குறட்டையிலிருந்து மாமியாருக்குப் போனாள், மாமியாரிலிருந்து மாமியாரின் கோழிக்குப் போனாள். அக்காவின் மூச்சு ஒரு நீளம் வந்தது, நின்றது, இன்னொரு நீளம் வந்தது. கோழி கிணற்றில் விழுந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகும் அடுத்த மூச்சு வரவில்லை.

காத்திருந்தான். வரவே இல்லை.

எழுந்து சொன்னால் கத்திரிகள் நின்றுவிடும். கீழ்வரிசை பாதிக்கு மேல் மிச்சம். உள்ளே வந்த மனைவி கட்டிலைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். மூவருமாகக் கோழிக்கதையின் மீதியைக் கேட்டார்கள். அதன் பிறகு வேறு கதைகள். சில கதைகள் நன்றாகவே இருந்தன.

வெளிச்சம் மங்கியது. காற்றில் மண் வாசனை எழுந்தது. பிறகு ஓட்டமும் கூச்சலும் கூடைகள் கொட்டகையில் இறங்குகிற சத்தமும். கூரைத் தகரத்தின் மேல் மழை ஒரே சீராக இறங்கியது.

ஜன்னலில் ரேடியோவின் நனைந்த தலை தெரிந்தது. கட்டில் இருட்டில் இருந்தது.

"முடிஞ்சுது தம்பி. ஒரு கொத்து விடல, அக்காகிட்ட சொல்லு. எந்தத் தொட்டில கொட்டறது?"

"வர்றேன்" என்றான்.

எழுந்தான். கை அவனோடு வரவில்லை. அவள் உள்ளங்கைக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவே சாறு காய்ந்து பிசினாகப் பிடித்திருந்தது. மறுபடி உட்கார்ந்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, அவளுக்கு வலிக்காமல் பிரித்தான்.