பூனைத் தட்டில் நாய்த் தீவனம்

முப்பது வருடமாகக் கால்நடைத் தீவனம் விற்கிறேன். லைசின் குறைந்தால் கோழிக்குச் சதை பிடிக்காது, மெத்தியோனின் குறைந்தால் இறகு சரியாக முளைக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்பெனி ஆட்களே என்னிடம் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

என் மனைவி மட்டும் அடக்கி வாசித்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் பேசியதும் பூனையைப் பற்றித்தான்.

"முதலாளிக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைங்க. உங்க வியாபார புத்திய அதுகிட்ட காட்டாதீங்க."

முதலாளி என்பது அவள் பூனைக்கு வைத்த பேர். எனக்குச் சேர வேண்டியதை அதற்குக் கொடுத்துவிட்டாள்.

வியாபார புத்தியைக் காட்டத்தான் செய்தேன். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவன். பூனைத் தீவனம் நாய்த் தீவனத்தைப் போல மூன்று மடங்கு விலை. பையில் பூனைப் படம் போட்டதற்கா இவ்வளவு? புரதம் புரதம்தானே! கடையிலிருந்த நாய்த் தீவனத்தோடு சோயாவை வேகவைத்துப் பிசைந்து வைத்தேன். முதலாளி முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, பிறகு தின்றது. மூன்றாவது மாடி வீட்டில் எலிக்கு எங்கே போகும்?

ஒன்றரை வருடம் ஓடியது. போன மாதம் ஜன்னல் திட்டுக்குத் தாவி, குறி தப்பிக் கீழே விழுந்தது.

கால்நடை டாக்டரம்மா அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னண்ணே குடுக்கறீங்க இதுக்கு?"

சொன்னேன். டார்ச்சை அணைத்தார்.

"டாரின்னு ஒரு சத்து இருக்குண்ணே. நாய் அதைத் தன் உடம்புலயே செஞ்சுக்கும். பூனை செஞ்சுக்கறது அதுக்குப் போதாது, இறைச்சி மீன்லருந்து வரணும். இல்லேன்னா கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். பூனைத் தீவனத்துல அதைச் சேர்த்துத்தான் விக்கறாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"இப்ப குடுத்தா?"

"இதயத்தைக் காப்பாத்தலாம். கண்ணு போனது போனதுதான். வீட்டுல எதையும் இடம் மாத்தாதீங்க. ஞாபகத்துலயே நடந்துக்கும்."

என் கடையில் பூனைத் தீவனம் வைப்பதில்லை. எதிர்த்தெருக் கடையில் கேட்டேன். சொன்ன விலையை எடுத்து நீட்டியதும் கடைக்காரன் பதறிவிட்டான்.

"பேரம் பேசலியா? உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?"

மனைவியின் தையல் மிஷினை எடுத்துப் போக மச்சினி மறுநாள் வருவதாக இருந்தது. வேண்டாம் என்று போன் செய்தேன்.

மிஷின் கூடத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தினமும் முழங்காலை இடித்துக்கொள்பவன் நான்தான். முதலாளி ஒருநாளும் இடிப்பதில்லை. அழகாக வளைந்துபோய், அவள் காலை வைத்து மிதிக்கும் பலகை மேல் படுத்துக்கொள்கிறது.